லாம்டனின் சங்கிலியும் எங்கள் கடற்கரையும்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ரயிலுக்காகக் காத்து நிற்கிறவர்கள் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயரை வாசிப்பார்களேயன்றி, அதன் கீழே சிறிய எழுத்தில் அந்த ஸ்தலம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று குறித்திருக்கும் வரியை அநேகமாக எவரும் வாசிப்பதில்லை. வாசித்தாலும், கூப்பிடு தூரத்தில் அலையடித்துக் கிடக்கும் இந்தக் கடலுக்கு நிலையான மட்டம் என்று ஒன்று உண்டா, நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும் தண்ணீரில் எந்தக் கணத்துத் தண்ணீரை ஆதாரமாகக் கொண்டார்கள் என்று யோசிப்பவர்கள் வெகு சிலரே. அதற்கு விடை உண்டு. சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம், மும்பை, கராச்சி முதலிய ஒன்பது துறைமுகங்களில் ஏற்றவற்றத்தை வருஷக்கணக்காக யந்திரத்தில் பதிந்து, அப்பதிவுகளின் சராசரியை எடுத்து, அதையே இத்தேசத்தின் உயரங்களுக்கெல்லாம் பூஜ்யமென்று 1909ஆம் ஆண்டின் கணக்கில் நிர்ணயித்தார்கள். நீலகிரியின் உயரத்தையும் நாக்பூரின் உயரத்தையும் சொல்லும் அந்தக் கணக்கில், எங்கள் வடசென்னைத் துறைமுகத்துத் தண்ணீருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இவ்வளவு பெரிய கணக்குக்கு அஸ்திவாரமிட்ட மனிதர் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவர் பெயர் வில்லியம் லாம்டன். எவரெஸ்ட் என்ற பெயரைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அந்த எவரெஸ்ட் எவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தாரோ அந்த லாம்டனை, அவர் தம் மகத்தான வேலையைத் தொடங்கிய இந்தச் சென்னையிலேயே பலர் அறியமாட்டார்கள்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பிரதேசத்தில் எளிய விவசாயக் குடும்பமொன்றில், 1750களில் பிறந்தவர் அவர் என்பர். கணிதத்தில் அவருக்கிருந்த இயற்கையான நாட்டத்தைக் கண்டு அண்டை அயலார் சிலர் படிப்புக்கு உதவினார்கள். 1781இல் காலாட்படையில் சிறிய உத்தியோகம் பெற்று அமெரிக்காவுக்குப் போனார். யார்க்டவுன் தோல்வியில் கைதியானார். விடுதலைக்குப்பின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் படைவீட்டுக் கண்காணிப்பாளராகவும் எல்லையளப்பவராகவும் பதின்மூன்று ஆண்டுக்காலத்தை எவருடைய கவனத்துக்கும் வராமல் கழித்தார். அங்கே சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய் ஒரு கண்ணின் பார்வை பழுதுபட்டது என்பர். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மைல் தொலைவைக் கண்ணாலேயே அளந்த ஒருவருக்கு இந்தக் குறையும் இருந்தது என்பதை நினைக்கையில், அவருடைய பிரயாசையின் அளவு நமக்குச் சற்று விளங்கும். அந்தக் குளிர்தேசத்தின் நீண்ட இரவுகளில் அவர் படித்தவை கணித நூல்களும், பூமியின் வடிவத்தைப் பற்றி அக்காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிய ஆராய்ச்சிகளுமே. படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தபோது அவரும் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பணத்திலும் பதவியிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டண யுத்தம் முடிந்து, மைசூர்ப் பிரதேசம் முழுவதையும் வரைபடத்தில் ஏற்றவேண்டிய தேவை கும்பினி அரசாங்கத்துக்கு எழுந்தபோது, லாம்டன் ஒரு யோசனையை எழுதிச் சமர்ப்பித்தார். சோழமண்டலக் கரையிலிருந்து மலையாளக் கரைவரை தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணங்களை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டே போகவேண்டும். அப்பணியினூடே பூமியின் உருவத்தையும் நிர்ணயிக்கவேண்டும் என்பது அதன் சாரம். சென்னை அரசாங்கம் 1800இல் இசைந்தது. ஆட்சேபணைகள் இல்லாமலில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார்களே, இதற்கென்ன இவ்வளவு செலவு என்று நிதி அதிகாரி ஒருவர் கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. வழி தெரிவது வேறு, தூரம் தெரிவது வேறு என்பதை அந்த அதிகாரிக்கு நிரூபிக்க லாம்டனுக்கு நெடுங்காலம் ஆகவில்லை. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் சொல்லி வந்தன. உண்மையில் அது 360 மைல்தான் என்று அவருடைய முக்கோணங்கள் காட்டின. இத்தனை கால ஆட்சியில் நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்து வந்திருக்கிறது!

அந்த வேலை தொடங்கிய இடம் பரங்கிமலை. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, மலையடிவாரத்துச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி, ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். முக்கோண அளவையின் ரகசியம் மிக எளியது: ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும், அவ்வாறு கிடைத்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் அதற்கடுத்தது என்று தேசம் முழுவதும் போய்விடலாம். மார்கழிக் காலையில் நம் வீட்டுப் பெண்கள் முதலில் புள்ளிகளைப் பிசகாமல் வைத்துவிட்டுப் பிறகு கோடிழுப்பதைப்போல, முதலில் ஸ்தானங்கள், அப்புறந்தான் வரைபடம். ஆனால் முதற்கோட்டில் ஓர் அங்குலம் தவறினால், அந்தத் தவறு முக்கோணத்துக்கு முக்கோணம் பரவி இமயமலைவரை போய்ச் சேரும். ஆகையால் அந்த ஏழரை மைல்தான் அனைத்துக்கும் உயிர்.

அவர் கையிலிருந்தது நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இங்கிலாந்தின் தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய், அங்கே ஏற்கப்படாமல் கைமாறி வந்த சங்கிலி அது. அதைத் தரையில் போட்டு இழுத்தால் மேடுபள்ளம் அளவைக் கெடுக்கும். ஆகவே முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அவற்றுக்குள்ளே சங்கிலியைக் கிடத்தி, ஒரு முனையைக் கம்பத்தில் பிணித்து, மறுமுனையில் எடைகட்டி இழுவையை ஒரே சீராக வைத்து, பக்கத்திலே வெப்பமானிகளைக் கிடத்தி, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டார். ஏன் சூடு? ஒரு ஃபாரன்ஹீட் பாகை ஏறினால் நூறடி எஃகு ஏறத்தாழ 0.007 அங்குலம் நீளும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்த நீட்சியை யார் பொருட்படுத்துவார்கள் என்று தோன்றும். ஆனால் சித்திரை வெயிலில் காலைக்கும் நடுப்பகலுக்கும் இருபது பாகை வித்தியாசம் வந்து, அதைத் திருத்தாமல் விட்டு, சங்கிலியை நானூறு முறை கிடத்திக்கொண்டே போனால், முடிவில் ஐந்தடி பிசகியிருக்கும். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே, அக்கினி நட்சத்திரத்து அனலில், நானூறு தடவை சங்கிலியைக் கிடத்தி, நானூறு தடவை வெப்பமானியைப் படித்து, மே 22ஆம் தேதி அந்தக் கோட்டை அவர் முடித்தார். 40,006 அடியும் சொச்சமும் என்பது கிடைத்த விடை.

கோணங்களை அளப்பதற்கான பெரிய தியோடலைட்டு இலண்டனில் கேரி என்ற கருவி நிபுணர் செய்து அனுப்பியது. மூன்றடி விட்டமுள்ள வட்டம், அரை டன் எடை. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது யுத்த சாமான் அல்ல, சாஸ்திரக் கருவி என்று கண்டதும், மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். இரு தேசங்கள் போரிட்டுக்கொண்டிருந்த காலத்திலும் அறிவுக்கு அந்த அளவு மதிப்பிருந்தது.

இனி லாம்டனின் குணத்தைக் காட்டும் இடத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து முக்கோணங்களை மேற்கே கொண்டுபோய், 1804இல் பெங்களூரை அடைந்ததும், அவர் ஒரு காரியம் செய்தார். அங்கே மற்றொரு ஏழு மைல் கோட்டை எடுத்துக்கொண்டு, அதன் நீளம் முக்கோணக் கணக்கின்படி இவ்வளவு வரவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு, அதே கோட்டைச் சங்கிலியால் தரையிலே அளந்து பார்த்தார். கணக்குக்கும் சங்கிலிக்கும் இருந்த வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. இதைத் திறமை என்று புகழ்வது எளிது. ஆனால் என் மனத்தைத் தொடுவது அத்திறமையன்று. எவரும் கேட்காதபோது, எவரும் சந்தேகிக்காதபோது, தம் வேலையைத் தாமே சந்தேகித்து, தம்மைப் பொய்யாக்கக்கூடிய பரீட்சை ஒன்றைத் தாமே ஏற்படுத்தி, அதற்குத் தம்மை உட்படுத்திக்கொண்ட அந்த நேர்மைதான் பெரிது. கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் குத்தியிலும் பீதரிலும், போன இடத்திலெல்லாம் இப்படியொரு சோதனைக் கோட்டை அவர் அளந்துகொண்டே போனார். அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால், அளந்ததைத் திரும்ப அளந்து பார்த்தவர் என்றுதான் சொல்வேன்.

1808இல் தஞ்சாவூரில் நேர்ந்த விபத்து இதற்கு இன்னொரு சாட்சி. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களையே ஸ்தானங்களாகக் கொள்ளவேண்டியிருந்தது. பெரிய கோயிலில் அந்த அரை டன் யந்திரத்தை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி, கோணங்களைப் படிக்கும் பித்தளை வட்டம் கோணிப்போயிற்று. வேறொருவராயிருந்தால் இங்கிலாந்திலிருந்து புதியது வரும்வரை வேலையை நிறுத்தியிருப்பார். லாம்டனோ அதைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய், ஒரு கூடாரத்துக்குள் படைக்கலச் சாலையின் தேர்ந்த கைவினைஞர் சிலரை மட்டும் உடன்வைத்துக்கொண்டு, யந்திரத்தை முழுவதும் பிரித்தார். பெரிய பலகையொன்றில் வட்டம் இருக்கவேண்டிய அளவைத் துல்லியமாக வரைந்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் உலோகத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். வளைந்துபோன ஆரங்களைச் சிறிய மரச் சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் யந்திரம் ஏறக்குறையத் தன் பழைய உருவத்தை அடைந்தது. அதன் பின்னும் பல்லாண்டுகள் அது உழைத்தது.

இவை அனைத்தும் அவரொருவர் செய்தவையல்ல. மைக்கேல் டாப்பிங் என்ற வானசாஸ்திரியின் முயற்சியால் 1794இல் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. எட்டு மாணவர்களுடன் ஆரம்பித்த அந்தப் பள்ளியே வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. ஜோஷுவா டி பென்னிங் முதலிய இளைஞர்கள் அங்கே பயின்றுதான் லாம்டனிடம் சேர்ந்தார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அவர்கள், மலைக்காய்ச்சலிலும் மழையிலும் அவரைவிட்டு நீங்கவில்லை. ஹென்றி கேட்டர் என்ற உதவியாளர் இங்கிலாந்து திரும்பி, புவியீர்ப்பை அளக்கும் ஊசலை உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். இவர்களுக்கெல்லாம் கீழே, பெயர் எந்த ஏட்டிலும் ஏறாத கலாசிகள், கொடி பிடித்தவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், உச்சிக்குப் பாதை வெட்டியவர்கள் இருந்தார்கள். துறைமுகத்தையும் ரயில்வே பணிமனைகளையும் அண்டி வாழும் எங்கள் பகுதியில் கலாசி என்பது அப்பாவின், தாத்தாவின் உத்தியோகம். ஆகவே அவர்களை மறந்துவிட்டு இந்தச் சரித்திரத்தை எழுத என் மனம் ஒப்பாது. இந்த அளவை கும்பினியின் வரிக்கும் படைக்கும் பயன்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அதிகாரத்துக்காகச் செய்யப்பட்ட வரைபடத்திலும், மெய்யாக அளக்கப்பட்ட தூரம் மெய்யாகவே இருக்கிறது.

அவர் தேடிய பெரிய விடை பூமியின் உருவம். பூமி துருவங்களில் தட்டையாக இருப்பதால், வடக்குத் தெற்காக ஒரு பாகையின் நீளம் பூமத்திய ரேகையருகே குறைந்தும் துருவத்தருகே அதிகரித்தும் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வெப்ப மண்டலத்தில் நம்பத்தக்க அளவு மிகக் குறைவாக இருந்த காலத்தில், குமரிமுனைக்கு அருகிலிருந்து 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி ஏறத்தாழப் பத்துப் பாகைக்கு அவர் அளந்து கொடுத்தார். சில ஸ்தானங்களில் தூக்குக்குண்டு நேர்க்கீழே தொங்காமல் சற்றே ஒருபுறம் இழுபடுவதையும் கண்டு, நிலத்தடியில் கனத்த பாறைகள் இருக்கக்கூடும் என்று ஊகித்தார். பின்னாளில் இமயத்தருகே இதையொத்த பிசகு பெரிதாகத் தென்பட்டபோது, மலைகள் பூமியில் எவ்வாறு தாங்கப்பட்டிருக்கின்றன என்ற புதிய சாஸ்திரமே அதிலிருந்து பிறந்தது.

1823ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், எழுபதை ஒட்டிய வயதில், நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில், முகாமிலேயே லாம்டன் காலமானார். அதற்குள் 165,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்தை முக்கோணங்களால் மூடியிருந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். தீர்க்கரேகையை ஒட்டிய அந்த வளைகோடு 1841இல் இமயமலை அடிவாரத்தில் முடிந்தது. ராதாநாத் சிக்தரின் கணக்கில் உலகின் மிக உயர்ந்த சிகரம் வெளிப்பட்டது. எவரெஸ்ட் 1830இல் வகுத்த பூகோள உருவமே இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நம் தேசப்படங்களுக்கு ஆதாரமாயிருந்தது. அதற்குள்ளே லாம்டனின் வெயிலும் மழையும் இருக்கின்றன.

இதையெல்லாம் வடசென்னையிலிருந்து ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் நிலம் நிலையான நிலமன்று. 1876 அளவில் சென்னைத் துறைமுகத்தின் கருங்கல் கரங்கள் கடலுக்குள் நீண்டபோது, வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும் மணல் அந்தக் கரங்களில் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை, வரவேண்டிய மணல் வராமல், கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. வீடுகளும் வலை உலர்த்தும் களங்களும் போயின. இன்று கரைநெடுகப் பாறைகள் கொட்டிக் கிடக்கின்றன. பிற்பாடு எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தன. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பலும் மண்ணும் நிறைந்தன. அந்தக் கழிமுகத்தின் எல்லை எதுவரை என்பதே வரைபடத்துக்கு வரைபடம் மாறுபட்டு, மீனவர்கள் நியாயம் கேட்டு அலையவேண்டியதாயிற்று.

எங்கள் தெருவில் நில அளவையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். திருவொற்றியூர்க் கரையின் பாறைச் சுவரோரம், பொறியியல் மாணவர் சிலருக்கு உயர வித்தியாசத்தை அளக்கும் டம்ப்பி லெவல் கருவியை வைக்க அவர் கற்றுக்கொடுத்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முக்காலியின் கால்களை மணலில் அழுத்தி, குமிழி நடுவுக்கு வரும்வரை திருகுகளைத் தொட்டுத் தொட்டு நகர்த்தி, ஸ்டாஃப் பிடித்த பையனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கல்லில் பொறித்த பெஞ்ச்மார்க்கிலிருந்து தொடங்கி, கரையோரம் வரை ரீடிங் எடுத்துக்கொண்டு போனார். வேலை முடிந்தது என்று பையன்கள் கருவியைப் பெட்டியில் வைக்கப் போனபோது அவர் தடுத்தார். “எங்க ஆரம்பிச்சியோ அங்கயே திரும்பி வந்து குளோஸ் பண்ணணும் தம்பி. குளோஸ் ஆவாத லெவலுக்கு மதிப்பே கெடையாது.” பையன்கள் வெயிலில் மறுபடியும் நடந்தார்கள். தொடங்கிய கல்லுக்கே வந்து சேர்ந்து, கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. அதை அவர் அழிக்கவிடவில்லை; நோட்டில் அப்படியே எழுதச் சொன்னார். பெங்களூரில் லாம்டன் செய்ததும் இதுவே. அந்தப் பெரியவர் லாம்டனைப் படித்தவரா என்பது முக்கியமில்லை. சென்னையில் தொடங்கிய ஒரு தொழில் ஒழுக்கம், கை மாறிக் கை மாறி, எங்கள் தெருவுவரை வந்து சேர்ந்திருந்தது.

கடல் எவ்வளவு தின்றது என்று எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை தெரியும். பாட்டி அந்தக் கோயிலுக்கு அப்பாலும் தெரு இருந்தது என்பார். மீனவர் தம் பாட்டனின் வாடி இருந்த இடத்தைத் தண்ணீருக்குள் கைகாட்டுவார். அவை மெய்யான சாட்சியங்கள். ஆயினும் அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் முன்னே கதை நிற்பதில்லை. தேதியிட்டு, நிலையான கல்லிலிருந்து எடுத்து, திரும்ப வந்து மூடிய அளவு நிற்கும். அதனால்தான், அளவை என்பது அரசாங்கத்தின் கருவி மட்டுமே என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது என்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை குறிப்பிட்ட தூரத்துக்கொரு நிலைக்கல், ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், கரையின் குறுக்கே அளவு, பிழை எவ்வளவு என்ற குறிப்புடன் அந்த எண்கள் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு: இதை நாம் கேட்கவேண்டும். கேட்பதோடு நில்லாமல், எங்கள் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படிக்கும் பிள்ளைகள் இதைத் தாமே செய்யக் கற்கவேண்டும். பரங்கிமலைக் கோட்டுக்கு லாம்டன் செலவிட்ட ஆறு வார உழைப்பை இன்றைய செயற்கைக்கோள் கருவி ஒரு மணியில் முடித்துவிடும். ஆனால் கிடைத்த விடையை நம்புவதற்குமுன் இன்னொரு வழியாகச் சோதித்துப் பார்க்கும் புத்தியை எந்தக் கருவியும் தராது.

பணி தொடங்கி இருநூறாண்டு நிறைந்ததையொட்டிப் பரங்கிமலையில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கத்துத் திசையைக் காட்டி, நானூறு முறை சங்கிலி கிடத்திய கதையைச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு நாடாவைக் கொடுத்து, தெருவின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். அளந்து முடித்ததும், மறுமுனையிலிருந்து இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பூமியை அளக்கும் சாஸ்திரத்தின் முதற்பாடம் அதுதான். எங்கள் கரையைக் காக்கப்போகிறவர்களுக்கு வேண்டிய முதற்பாடமும் அதுவே.